மனதைத் தூக்கிவிடும் நாவலை எப்படித் தேடுவது?

கேள்வி: எனக்கு வயது 43. 16 வருடம் பார்த்த வேலையைப் போன வருடம் விட்டுவிட்டேன். உடம்பு முடியாத அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக விட்டேன் என்று வெளியே சொல்கிறேன். அது பாதி உண்மைதான். எடுத்த முடிவு சரியா தப்பா என்று ராத்திரியில் மனது கேட்டுக்கொண்டே இருக்கிறது. படிக்கிற பழக்கம் விட்டுப்போய்ப் பல வருடம் ஆகிறது. மறுபடி தொடங்கலாம் என்று தெரிந்தவர்களிடம் நாவல் கேட்டேன். ஒருவர் கொடுத்ததில் முதல் பக்கத்திலிருந்து அழுகை. இன்னொருவர் கொடுத்ததில் எல்லாமே சர்க்கரை. இரண்டையும் முடிக்க முடியவில்லை. வாழ்க்கையில் நாம் எடுக்கிற முடிவுகளையும் மனிதர்கள் படுகிற பாட்டையும் பேசி, கடைசியில் மனதைக் கொஞ்சம் தூக்கிவிடுகிற இன்றைய நாவல்கள் எவை? அவற்றை நானே எப்படித் தேடுவது? ஆங்கிலத்திலும் வாசிப்பேன்.

நூலகரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் 'அது பாதி உண்மைதான்' என்ற வரியில் நின்றுவிட்டேன். புத்தகம் கேட்டு வருகிறவர்கள் அந்த மீதிப் பாதியைப் பெரும்பாலும் சொல்வதில்லை. எனக்கும் கேட்கத் தயக்கமாக இருக்கும். மீதி தெரியாமல் கையில் கொடுக்கிற புத்தகம் படிக்கப்படாமலே திரும்பி வரும். நீங்கள் மனம்விட்டு எழுதியிருக்கிறீர்கள், அதனால் நானும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் வந்து, "மனசுக்குத் தெம்பா ஏதாவது குடுங்க" என்றார். எல்லோரும் நல்லவர்களாக இருந்து, எல்லாம் நல்லபடியாக முடிகிற ஒரு நாவலை எடுத்துக் கொடுத்தேன். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார். நாற்பதாம் பக்கத்து வாக்கில் ஒரு பேருந்துச் சீட்டு செருகியிருந்தது. "இதுல யாருக்கும் எதுவும் வலிக்கவே இல்லீங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தனக்கு மட்டும் ஏன் வலிக்கிறது என்று கேட்பதுபோல இருந்தது. அவர் வீட்டில் அப்போதுதான் ஒரு சாவு நடந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. துக்கத்தோடு வந்தவரை இன்னும் தனியாளாக்கித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பேருந்துச் சீட்டை இன்னும் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு யாராவது இப்படிக் கேட்டால் நான் மனதில் வைத்துக்கொள்வது ஒன்றுதான். கதையில் வருகிறவர் ஒரு முடிவு எடுக்கிறார். அதற்கு அவர் கொடுத்த விலையை எழுத்தாளர் மறைக்காமல் காட்டுகிறாரா? அந்த விலையைக் கொடுத்த பிறகு, மறுநாள் காலையில் அவரை எழுந்து நடக்க விடுகிறாரா? இரண்டும் இருந்தால் அந்த நாவல் நம்மையும் கையைப் பிடித்துத் தூக்கும். விலையே இல்லாமல் எழுந்து நடந்தால் அதுதான் நீங்கள் சொன்ன சர்க்கரை. விலையை மட்டும் எழுதி ஆளை எழவே விடாவிட்டால் முதல் நண்பர் கொடுத்த அழுகை.

இதை ஒரு நாவலை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். ரேச்சல் ஜாய்ஸ் 2012இல் எழுதிய 'தி அன்லைக்லி பில்கிரிமேஜ் ஆஃப் ஹெரால்ட் ஃப்ரை'. ஹெரால்டுக்கு வயது 65, ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார். மனைவியோடு பேச்சு குறைந்து பல வருடம் ஆகிவிட்டது. முன்பு கூட வேலை பார்த்த க்வீனி என்ற பெண்ணிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. புற்றுநோய் முற்றி, இங்கிலாந்தின் வடக்கு மூலையில் ஒரு காப்பகத்தில் இருக்கிறாள், விடைபெற்றுக்கொள்ள எழுதியிருக்கிறாள். ஹெரால்ட் பதில் எழுத உட்காருகிறார். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. எழுதியதை உறையில் போட்டுத் தபாலில் சேர்க்கக் கிளம்புகிறார். தபால் பெட்டி வருகிறது. அந்த இரண்டு வரி போதாது என்று தோன்ற, அடுத்த பெட்டியில் போடலாம் என்று தாண்டிப் போகிறார். அடுத்ததையும் தாண்டுகிறார். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை செய்கிற பெண் சொல்கிற ஒரு வார்த்தை மனதில் பட்டுவிடுகிறது. அங்கிருந்து நாட்டின் இன்னொரு கோடிவரை, 600 மைலுக்கு மேல், நடந்தே போய் க்வீனியைப் பார்ப்பது என்று முடிவு செய்கிறார். காலில் சாதாரணச் செருப்புபோன்ற மெல்லிய ஷூ. கையில் செல்போன்கூட இல்லை.

அந்தத் தபால் பெட்டிகளைக் கவனியுங்கள். பெரிய முடிவு எதுவும் பெரிய முடிவு என்ற முகத்தோடு வருவதில்லை. ஒரு சின்ன வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போடுவதாக வருகிறது. நீங்கள் வேலையை விட்ட நாளை யோசித்துப் பாருங்கள், அதற்கு முன்னால் நீங்களும் சில தபால் பெட்டிகளைத் தாண்டியிருப்பீர்கள். ஹெரால்டின் காலில் கொப்புளம் வருகிறது, வழியெல்லாம் மகன் ஞாபகம் வருகிறது, தான் செய்யாமல் விட்டதெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. நடந்தால் க்வீனி பிழைத்துவிடுவாள் என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையை நாவல் எப்படி நடத்துகிறது என்பதில்தான் ஜாய்ஸின் நேர்மை இருக்கிறது. முடிவை நான் சொல்லப்போவதில்லை. முடிக்கும்போது கண் ஈரமாகும், நெஞ்சு லேசாகும். உங்களுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுக்க நினைப்பது இதைத்தான்.

'சரியா தப்பா' என்ற உங்கள் ராத்திரிக் கேள்விக்கு இன்னொன்று. ஜப்பானிய எழுத்தாளர் தொஷிகாசு கவாகுச்சியின் 'பிஃபோர் தி காஃபி கெட்ஸ் கோல்ட்'. முதலில் நாடகமாக இருந்து, ஜப்பானில் 2015இல் நாவலானது. ஆங்கிலத்தில் 2019இல் வந்தது. ஒரு காஃபிக் கடை. அதில் குறிப்பிட்ட ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் கடந்த காலத்துக்குப் போய் வரலாம், காஃபி ஆறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். போய் என்ன செய்தாலும் சரி, இன்றைக்கு இருக்கிற எதுவும் மாறாது. இதுதான் விதி. அப்படியானால் எதற்குப் போக வேண்டும்? நாவல் முழுக்க இந்தக் கேள்விதான். அதில் ஒரு நர்ஸ் வருகிறார். கணவருக்கு ஞாபகம் அழிந்துகொண்டே வருகிறது, ஒரு கட்டத்தில் மனைவியையே அடையாளம் தெரியாமல் போகிறது. முன்பு எப்போதோ அவர் இவளுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்காமலே வைத்திருந்தார் என்று தெரியவருகிறது. அதை வாங்கிக்கொள்ளத்தான் இவள் அந்த நாற்காலியில் உட்காருகிறாள். வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிற உங்களுக்கு அந்தப் பகுதி ரொம்பக் கிட்ட வரும், நிதானமாகப் படியுங்கள். நடை எளிமையானது, சில இடங்களில் சொன்னதையே திரும்பச் சொல்லும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். திரும்பி வருகிறவர்களுக்கு வெளியே ஒன்றும் மாறியிருக்காது, ஆனால் அடுத்த நாளை அவர்கள் நடத்துகிற விதம் மாறியிருக்கும்.

இந்தத் தலைப்பில் யாரிடம் கேட்டாலும் மேட் ஹேக்கின் 'தி மிட்நைட் லைப்ரரி' (2020) என்ற பெயர் வரும். நோரா என்ற 35 வயதுப் பெண். வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவில் ஒரு நூலகம். அவள் வேறு முடிவு எடுத்திருந்தால் வாழ்ந்திருக்கக்கூடிய வாழ்க்கைகள் ஒவ்வொன்றும் அங்கே ஒரு புத்தகம். எடுத்துத் திறந்தால் உள்ளே போய் வாழ்ந்து பார்க்கலாம். எனக்கு இந்தக் கற்பனை ரொம்பப் பிடிக்கும். ஆனால் சொல்ல வந்ததை ஹேக் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறார் என்பது என் எண்ணம். இதை எழுதியவர் தன் மன அழுத்தத்தைப் பற்றி வெளிப்படையாகத் தனி நூலே எழுதியவர், அதனால் இதில் பொய் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நாவல் நோரா உயிரை விடத் துணிகிற இடத்திலிருந்து தொடங்குகிறது. ஸ்வீடன் எழுத்தாளர் ஃப்ரெட்ரிக் பேக்மேனின் 'எ மேன் கால்டு ஓவே' நாவலிலும் அதே எண்ணம் ஆரம்பத்திலிருந்து வரும். 'மனதைத் தூக்கும் கதை' என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி, தயாராக இல்லாமல் அந்தப் பக்கங்களில் போய் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ராத்திரிகளில் அப்படி எண்ணம் எட்டிப் பார்ப்பதுண்டு என்றால் இந்த இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நாவலுக்கு முன்னால் ஒரு டாக்டரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ பேசுங்கள். புத்தகத்தால் நம்மோடு உட்கார்ந்திருக்க முடியும். வைத்தியம் அதன் வேலை இல்லை. 'புத்தகச் சிகிச்சை' என்ற கருத்துக்கு ஆங்கிலத்தில் 1916இலேயே சொல் உண்டாகிவிட்டது, இன்று அதில் பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் அதை மருந்துக்குத் துணையாகத்தான் வைக்கிறார்கள்.

அந்த எண்ணமெல்லாம் இல்லை, வெறும் குழப்பம்தான் என்றால் ஓவேயை விட்டுவிடாதீர்கள். 59 வயது, மனைவியை இழந்தவர், எல்லோரிடமும் சிடுசிடுப்பு. பக்கத்து வீட்டுக்குக் குடிவருகிறாள் பர்வானே, வயிற்றில் பிள்ளையோடு. அவள் இவரைக் காப்பாற்ற வந்தவள் இல்லை. அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும், ஓவே கற்றுத்தர வேண்டும், அவ்வளவுதான். ஒருவருக்கு நாம் தேவைப்படுவது எப்படி நம்மை எழுப்புகிறது என்பதை அந்தக் கார் பாடங்களில் பேக்மேன் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார்.

சின்ன நாவலாக வேண்டும் என்றால் கென்ட் ஹாருஃபின் 'அவர் சோல்ஸ் அட் நைட்'. இருநூறு பக்கம்கூட வராது. எழுபது வயதை ஒட்டிய ஒரு பெண், துணையை இழந்தவள். தன்னைப் போலவே தனியாக இருக்கிற, அதே தெருவில் வசிக்கும் ஒருவரின் கதவைத் தட்டுகிறாள். ராத்திரிகளைக் கழிப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது, என் வீட்டுக்கு வந்து பக்கத்தில் படுத்துப் பேசிக்கொண்டிருப்பீர்களா என்று கேட்கிறாள். கதை இதிலிருந்துதான் புறப்படுகிறது. ஊர் பேசுகிறது, பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். ஹாருஃப் 2014இல் காலமானார், நாவல் 2015இல் வெளிவந்தது. இதன் முடிவு எல்லோருக்கும் திருப்தி தராது. ஆனால் அந்தக் கதவைத் தட்டிய துணிச்சல் புத்தகத்தை மூடிய பிறகும் கூடவே இருக்கும்.

இன்றைய நாவல்கள்தான் கேட்டீர்கள், ஆனாலும் தமிழில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. 1970களில் வந்த அசோகமித்திரனின் 'தண்ணீர்'. அதன் நாயகி ஜமுனாவின் பிரச்சினைகளில் ஒன்றுகூட முழுதாகத் தீராது. தண்ணீர்க் கஷ்டமும் தீராது. பக்கத்தில் இருக்கிற டீச்சரம்மா தன் வாழ்க்கையை அவளுக்குத் திறந்து காட்டுகிற இடம் ஒன்று வரும். ஆறுதல் வார்த்தை என்று எதுவும் கிடையாது. படித்து முடித்தால் முதுகு நிமிரும். எப்படி என்று எனக்கு இன்னும் விளக்கத் தெரியவில்லை.

சரி, நீங்களே எப்படித் தேடுவது? ஆங்கிலப் பதிப்புலகில் 2017 வாக்கில் இந்த வகைக்கு 'அப் லிட்' என்று ஒரு பெயர் பரவியது. அந்த வருடம் வந்த கெய்ல் ஹனிமனின் 'எலினார் ஆலிஃபன்ட் இஸ் கம்ப்ளீட்லி ஃபைன்' பெரிய வெற்றி பெற்றதும் ஒரு காரணம். அந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் பட்டியல்கள் கிடைக்கும், ஆனால் சர்க்கரையும் அதே பெயரில்தான் விற்கிறது. அதனால் அட்டையின் பின்பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். 'உங்கள் வாழ்க்கையையே மாற்றும்' என்கிற மாதிரிப் பாராட்டுகளைத் தாண்டி, கதையில் வருகிறவருக்கு என்ன வயது, என்ன வேலை, எதில் மாட்டிக்கொண்டார் என்று சொல்கிறதா பாருங்கள். அதைச் சொல்லக்கூட ஒன்றும் இல்லாத புத்தகத்தைத் திருப்பி வைத்துவிடலாம்.

வாசகர் விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரங்களை விட்டுவிட்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படியுங்கள். பாதி பிடித்து பாதி பிடிக்காமல் போனவர்தான் காரணத்தோடு எழுதுவார். 'ரொம்ப மெதுவாகப் போகிறது' என்று அவர் குறைப்பட்டுக்கொண்டால் உங்களுக்கு அது நிறையாகவும் இருக்கலாம். 'எல்லாம் வசதியாக முடிந்துவிடுகிறது' என்று எழுதியிருந்தால் உஷாராகிவிடுங்கள்.

அப்புறம், நான் இன்றும் செய்கிற ஒரு சோதனை. புத்தகத்தின் முதல் சில பக்கங்களைப் படித்துவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு தாண்டிய இடத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறப்பேன். கதையில் ஆள் மிகவும் துவண்டு கிடப்பது பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான். அங்கே அவருக்குத் துணையாக வருகிறவரைப் பார்ப்பேன். அவருக்கென்று ஒரு வேலை, ஒரு எரிச்சல், ஒரு அவசரம் இருக்கிறதா? பர்வானேக்குக் கார் ஓட்டக் கற்க வேண்டியிருந்ததே, அந்த மாதிரி. அறிவுரை சொல்வதற்கென்றே ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்திருந்தால் மூடி வைத்துவிடுவேன். கதைத் திருப்பம் ஒன்று முன்கூட்டித் தெரிந்துவிடலாம் என்பதுதான் இதில் நஷ்டம். பிடிக்காத புத்தகத்தோடு ஒரு வாரம் மல்லுக்கட்டுவதைவிட அது பரவாயில்லை.

நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் சொன்னது ஒன்றும் உங்களுக்கு உதவும். ஒரு புத்தகத்துக்குள் நுழைய நாலு வாசல் உண்டு என்பார்: கதை, மனிதர்கள், இடம், மொழி. சிறுவயதில் நீங்கள் தூக்கத்தை மறந்து படித்தது எது? அடுத்து என்ன நடக்கும் என்று படித்தீர்களா, அந்த மனிதரோடு இருக்கப் பிடித்திருந்ததா? ஒவ்வொருவருக்கும் ஒன்றிரண்டு வாசல்தான் அகலமாகத் திறக்கும். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு மனிதர்கள் என்ற வாசல் என்று தோன்றுகிறது. ஹெரால்டை முதலில் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். என் ஊகம் தப்பென்றால், கதை வாசல்காரருக்கு மிட்நைட் லைப்ரரியும், மொழி வாசல்காரருக்கு ஹாருஃபும் சரிப்படும்.

நூலகத்துக்குப் போனால் 'நல்ல நாவல் இருக்கா' என்று கேட்காதீர்கள். உங்களால் முடிக்க முடியாமல் போன அந்த இரண்டு புத்தகங்களின் பெயரைச் சொல்லி, எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று சொல்லுங்கள். பிடித்ததைவிடப் பிடிக்காததை வைத்துத்தான் எங்களால் சீக்கிரம் தேட முடியும். இந்திய நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக விதிகளில் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பது அடுத்த விதி. அந்த அடுத்த விதியை நினைத்தால் எனக்கு உற்சாகமாக இருக்கும். எங்கோ ஓர் அடுக்கில் ஒரு புத்தகமும் உங்களுக்காகத்தான் காத்திருக்கிறது.

விட்டுப்போன பழக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பக்கம் போதும். அப்பா தூங்குகிற நேரத்தில் படிக்கலாம். கண்ணுக்குச் சிரமமாக இருந்தால் ஒலிப்புத்தகமாகக் கேட்கலாம், அதுவும் வாசிப்புதான். எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் வைத்துக்கொள்ளாதீர்கள். நான்சி பேர்லே 50 பக்கம் வரை ஒரு வாய்ப்பு கொடு, பிடிக்காவிட்டால் விட்டுவிடு என்பார். 50 வயதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து வயதைக் கழித்து மீதிப் பக்கம் படித்தால் போதுமாம். உங்களுக்கு இன்னும் முழு 50 பக்கக் கணக்குதான்.

ஹெரால்டில் தொடங்குங்கள். 50ஆம் பக்கத்தில் கீழே வைத்துவிட்டால் எந்தப் பக்கத்தில், எதனால் என்று எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். அதை வைத்து அடுத்ததைத் தேடித் தருகிறேன்.